அரபெல்லா திரும்பி ஓடிய நான்கு நாட்கள்

பிப்ரவரி 9, 1874

காலையில் படகில் வந்து கப்பல் ஏறினேன். நாகப்பட்டினம் கரையிலிருந்து பார்த்தபோது அரபெல்லா மூன்று பாய்மரங்களோடு ராணி மாதிரி நின்றது. பக்கத்தில் வந்தால் கயிற்றில் பூசிய கீலும் நனைந்த சாக்கும் கோழிக்கூண்டும் கலந்து ஒரு வாடை. ராணிகளும் பக்கத்தில் போனால் இப்படித்தானோ என்னவோ.

சரக்கு அரிசி. போகுமிடம் மொரீசுத் தீவு. கேப்டன் பென்ரோஸின் மனைவிக்குத் துணையாக இருப்பதும் புத்தகம் வாசித்துக் காட்டுவதும் என் வேலை. தரங்கம்பாடி மிஷன் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இது இறக்கமா ஏற்றமா தெரியவில்லை. இருபத்திரண்டு வயதுக்குள் மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாமென்றவளுக்குக் கடலைத் தவிரப் போக்கிடம் இல்லை என்றாள் அத்தை. திட்டுவதாக நினைத்துச் சொன்னாள்.

பிப்ரவரி 10

வாந்தி.

பிப்ரவரி 11

வாந்தி. கேப்டன் மனைவி, துரைசானி, எலுமிச்சம்பழம் கொடுத்தார். அதுவும் வெளியே வந்துவிட்டது.

பிப்ரவரி 13

இன்று எழுந்து நின்றேன். கப்பலில் இருக்கும் முக்கியமானவர்களை வரிசையாகப் பார்த்தாயிற்று.

கேப்டனுக்கு அறுபது வயது இருக்கும். கடலில் முப்பது வருடம் கேப்டனாகவே இருந்தவர். யார் எதிரில் வந்தாலும் முதலில் அவர் கனைப்பார். பதிலுக்கு அவர்கள் பேசிய பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெரிய மனிதர்களின் தோரணை.

அவருக்கு அடுத்தவர் மேட். பெயர் லம்லி. சிவந்த காதுகள். ஆறு வருடமாக இதே கப்பலில் இருக்கிறார்.

பாய் இழுக்கும் ஆட்கள் எல்லோரும் நாகூர்ப் பக்கத்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் மீராலெப்பை சாரங்கு. நாகூரில் அண்ணனை 'நானா' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அவர் என்னைத் 'தங்கச்சி' என்கிறார். காலையில் தளத்தைக் கல்லால் தேய்க்கும்போது நான் குறுக்கே நடந்தால் மட்டும் தங்கச்சி இல்லை.

நண்பகலில் ஒரு சடங்கு. கேப்டனும் மேட்டும் பின்தளத்தில் நின்று செக்ஸ்டன்ட் என்ற பித்தளைக் கருவியால் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கிறார்கள். பிறகு தனித்தனியாக அறைக்குள் போய்க் கணக்குப் போட்டு, கப்பல் பூமத்திய ரேகைக்கு வடக்கிலோ தெற்கிலோ எத்தனையாவது பாகையில் இருக்கிறது என்று வாசலில் தொங்கும் சிலேட்டில் எழுதுகிறார்கள். முதலில் கேப்டன், அரைமணி கழித்து மேட். இருவர் எண்ணுக்கும் இரண்டு மைல்தான் வித்தியாசம். மேட்டின் துல்லியத்தைப் பற்றிக் கேப்டனுக்கு ஏகப்பட்ட பெருமை.

பிப்ரவரி 15

நான் புத்தகம் வாசித்துக் காட்டுவது துரைசானிக்கு அல்ல, கேப்டனுக்கு. நாவல் இரண்டு அத்தியாயம் வாசித்தேன். பிறகு கப்பல் நாட்குறிப்பைக் கொடுத்து நேற்றைய பக்கத்தை வாசிக்கச் சொன்னார். அது அவரே எழுதியது. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

கேப்டனின் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று துரைசானி இன்று மூன்று முறை சொன்னார். ஒன்றுமில்லாததை ஒருவரும் மூன்று முறை சொல்வதில்லை.

பிப்ரவரி 16

துரைசானி அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆகவே இங்கும் எழுதப்போவதில்லை.

பொதுவாக ஒன்று எழுதிவைக்கலாம். கண்புரை விழுந்தவருக்குச் சூரியனும் அடிவானமும் தெரியும். செக்ஸ்டன்டில் மயிரிழை போல் பொறித்திருக்கும் கோடுகள் தெரியாது. அப்படிப்பட்ட கேப்டன் இருக்கிறார் என்று மேட்டுக்குத் தெரிந்தால், துறைமுகத்தில் அதைச் சொல்லியாகவேண்டியது மேட்டின் கடமை. முப்பது வருட உத்தியோகம் ஒரு குமாஸ்தாவின் பேனாமுனையில் முடிந்துவிடும். மொரீசில் ஒரு பிரெஞ்சு வைத்தியர் புரையை எடுக்கிறாராம். அதுவரை கப்பலைத் தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தானே இறங்கவேண்டும், இறக்கிவிடப்படக்கூடாது என்பது அப்படிப்பட்ட ஒருவரின் ஆசையாக இருக்கலாம்.

பிப்ரவரி 18

இதுவரை கேப்டன் பூதக்கண்ணாடியோடு தட்டுத்தடுமாறிப் போட்ட கணக்கு இன்றுமுதல் என்னுடையது. கணக்கு எளிது. கேப்டன் அளந்துவிட்டுக் கருவியை அறைக்குக் கொண்டுவருவார். நான் உயரத்தைப் படிப்பேன். தொண்ணூறிலிருந்து அதைக் கழிக்கவேண்டும். கடல் பஞ்சாங்கத்தில் அன்றைக்குச் சூரியனுக்கு ஓர் எண் போட்டிருக்கும். இரண்டில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் நாம் இருக்கும் பாகை. நம் எண் பெரிதென்றால் வடக்கு, பஞ்சாங்க எண் பெரிதென்றால் தெற்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். கிழக்கு மேற்குக்கு வேறொரு கணக்கு. அதுவும் என் தலையில்தான்.

சீட்டில் எழுதி வாசித்துக் காட்டுவேன். கேப்டன் மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சிலேட்டில் பெரிய எழுத்தில் எழுதுவார்.

என் எண்ணுக்கும் மேட்டின் எண்ணுக்கும் இரண்டு மைல்தான் வித்தியாசம். தேர்ந்த மாலுமியோடு முதல் நாளே ஒத்துப்போய்விட்டேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சீட்டைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், பெருமைக்காக அல்ல.

பிப்ரவரி 21

பிஸ்கட்டில் வண்டு. மேசையில் தட்டிவிட்டுத்தான் எல்லோரும் தின்கிறார்கள். கேப்டன் மட்டும் தட்டுவதில்லை. மேட் அதைக் கவனித்துவிடுவாரோ என்று துரைசானியே அவருடையதையும் தட்டிக் கொடுத்தார். பார்த்தால் மனமொத்த தம்பதி.

மேட்டிடம் ஒரு விசித்திரம். ஒருநாள் கேப்டனுக்கு வடக்கே இரண்டு மைல், மறுநாள் தெற்கே இரண்டு மைல், மறுபடி வடக்கே. ஒருநாளும் மூன்றில்லை, ஒன்றில்லை. கடிகாரம் போன்ற மனிதர்.

பிப்ரவரி 24

பூமத்திய ரேகையைத் தாண்டினோம். கடலில் ஒரு கோடும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். ரேகையைத் தாண்டினால் ஆட்களுக்கு நெய்ச்சோறு போடுவது பென்ரோஸ் துரையின் வழக்கம். இரண்டு கோழிகள் குறைந்தன. சாரங்கு நானா மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, இந்தக் கோட்டை அடிக்கடி போட்டு வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டார்.

பிப்ரவரி 28

காற்றில்லை. மழை. பீப்பாய்களில் தண்ணீர் பிடித்தோம். பாய் தைக்கும் ஊசியில் என் பாவாடையைத் தைத்தேன். இனி அது கிழியாது, மடங்கவும் மடங்காது.

மார்ச் 4

சூரியன் உச்சந்தலைக்கு நேரே. நண்பகலில் தளத்தில் ஒருவருக்கும் நிழலில்லை. கேப்டன் கருவியோடு நாலாபுறமும் சுற்றி அளந்தார். ஏறக்குறைய ஆறரைப் பாகை, தெற்கு. காற்று மறுபடி எழுந்திருக்கிறது.

மார்ச் 5

நல்ல காற்று. சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிக்க உட்காருவது கோழிக்கூண்டின் பின்பக்க நிழலில். இன்று அங்கே வெயில். முன்பக்கம் நிழலாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன். நாவலில் கதாநாயகி ஒருவழியாகக் கடிதத்தைத் திறந்துவிட்டாள்.

கணக்கு: நாலே முக்கால் பாகை, தெற்கு. நேற்றைவிடக் குறைவு. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. கேப்டனிடம் சொன்னேன். நீரோட்டமாக இருக்கும் என்றார்.

மேட் அதற்கு இரண்டு மைல் வடக்கே எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

மார்ச் 6

இரண்டேகால் பாகை, தெற்கு. பாய்கள் புடைத்து நிற்கின்றன, தண்ணீர் பக்கவாட்டில் சீறிக்கொண்டு ஓடுகிறது, திசைகாட்டி தெற்கு என்கிறது, நாங்கள் வடக்கே போய்க்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டு மேசையில் கேப்டன் நீரோட்டங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். மேட், "பலமான நீரோட்டம், சார்," என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காதுகள் வழக்கத்தைவிடச் சிவப்பு.

கேப்டன் சூப்பைத் தொடவில்லை.

மார்ச் 7

அரைப் பாகை, வடக்கு. அதாவது பூமத்திய ரேகையை மறுபடி தாண்டியிருக்கிறோம், பின்பக்கமாக.

சிலேட்டைப் பார்த்த மாத்திரத்தில் சாரங்கு நானா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கேப்டன் முன்னால் போய் நின்றார். ரேகையைத் தாண்டினால் நெய்ச்சோறு என்பது வழக்கம். எந்தப் பக்கமாகத் தாண்டினால் என்று வழக்கத்தில் இல்லை என்பது அவர் வாதம். கேப்டன் மறுக்கவில்லை. இரண்டு கோழிகள்.

கோழி வேகும்போது, கப்பல் நிஜமாகவே திரும்பிப் போகிறதா என்று அவரிடம் கேட்டேன்.

"காத்து அடிக்கிற பக்கந்தான் கப்பல் போவுது, தங்கச்சி. கணக்கு எந்தப் பக்கம் போவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "ஒரே பயணத்துல ரெண்டு தடவ கோட்டத் தாண்டுற பாக்கியம் எங்க வாப்பாவுக்கே கெடைக்கல. சோறு வெந்தாச் சரி."

மார்ச் 8

மூன்றரைப் பாகை, வடக்கு. இந்த வேகத்தில் இன்னும் மூன்று நாளில் நாகப்பட்டினம். அத்தையை எந்த முகத்தோடு பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

துரைசானி சொன்னார்: கேப்டன் ராத்திரியெல்லாம் தன் வலக்கையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாராம், நடுங்குகிறதா என்று. கண்ணோடு கையும் போய்விட்டது, அளப்பதே தவறாக இருக்கிறது என்று நினைக்கிறார். ஆனால் மேட்டின் எண்ணும் அதையே சொல்கிறதே என்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதல். எனக்கும் அதுவே.

மேட் இன்று இரண்டு மைல் தெற்கே. நேற்று வடக்கே.

மார்ச் 9

இதைக் கோர்வையாக எழுத முயல்கிறேன்.

கேப்டன் அளந்துவிட்டு இறங்கி வருவதற்குள் கோழிக்கூண்டின் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். என் தலையின் நிழல் தளத்தில் எனக்கு முன்னால், கப்பல் போகும் திசையில் கிடந்தது. போன மாதம் இதே வேளையில் என் நிழல் எனக்குப் பின்னால் கிடக்கும். அப்படியானால் சூரியன் இப்போது எங்களுக்குப் பின்னால், வடக்கே. அது உச்சியைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டது. அது போகவில்லை, நாங்கள்தான் அதற்கு அடியில் புகுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டோம். நான்கு நாளாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன். சூரியனுக்குத் தெற்கே வந்த பிறகு கூட்டியிருக்கவேண்டும்.

கீழே ஓடினேன். கேப்டன் கருவியை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். துரைசானி பின்னல் வேலையில் இருந்தார்.

"துரை, இன்று எந்தப் பக்கம் திரும்பி நின்று அளந்தீர்கள்?" என்றேன்.

"வடக்கே. அஞ்சு நாளாக வடக்கேதானே."

"அதை என்னிடம் சொல்லவில்லையே."

"அதை யாராவது சொல்வார்களா, சுகிர்தம்? சோற்றை வாயில் போடு, காதில் போடாதே என்று யாரும் சொல்லித்தருவது உண்டா?"

உயரத்தைத் தொண்ணூறிலிருந்து கழித்து வந்த பதினொன்றேகாலையும் பஞ்சாங்கத்தின் நாலரையையும் கூட்டினேன். பதினைந்தே முக்கால் பாகை, தெற்கு. கேப்டன் கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார், இறக்கினார். கை நன்றாகத்தான் இருந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வரைபடத்தை விரிக்கச் சொன்னார். பதினாறே காலில் பவளத் திட்டுகள் நீளமாகக் குறித்திருக்கின்றன. நாங்கள் அதை நோக்கி, எல்லாப் பாயையும் விரித்துக்கொண்டு, நாகப்பட்டினத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

கேப்டன் படியேறிப் பாயைக் குறைக்கச் சொன்னார். கப்பலைக் கிழக்கே திருப்பச் சொன்னார். பாய்மர உச்சிக்கு ஆளேற்றச் சொன்னார். மேலே நானாவின் குரல் கேட்டது, கயிறுகள் கதறின, அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகள் விழுந்தன. பிறகு கேப்டன் மேட்டைக் கீழே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

"லம்லி, இந்த வாரம் நீ போட்ட கணக்குத் தாள்களைக் கொண்டுவா."

"தாள் கிடையாது, சார்."

"மனசிலேயே போட்டாயா?"

லம்லி தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பாய், கயிறு, சரக்கு, ஆட்கள் எல்லாம் தனக்குக் கைவந்தது என்றார். எண்களைப் பார்த்தால் மட்டும் தலைக்குள் மூடுபனி இறங்கிவிடும். பரீட்சையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நல்லவன். ஆறு வருடமாகக் கேப்டன் சிலேட்டில் எழுதிய பிறகு, இரண்டு மைல் கூட்டியோ குறைத்தோ எழுதிவந்திருக்கிறார்.

"அப்படியானால் ஆறு வருஷமாக இந்தக் கப்பலில் ஒரே ஒரு கணக்குத்தான் இருந்திருக்கிறது," என்றார் கேப்டன்.

"ஆமாம், சார். நல்ல கணக்கு, சார்."

"இந்தப் பயணத்தில் அது என்னுடையதும் இல்லை."

கேப்டன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். துரைசானி பின்னலை நிறுத்தவில்லை. ஆனால் அப்புறம் பார்த்தபோது அந்த வரிசை முழுவதும் தப்பு. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை.

ஐந்து மணிக்கு உச்சியில் இருந்தவன் கத்தினான். வலப்பக்கம், மூன்று மைல் தூரத்தில், நடுக்கடலில் வெள்ளையாக ஒரு கோடு நெடுக நுரைத்துக்கொண்டிருந்தது. அழகாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கைப்பிடிக் கயிற்றை இறுகப் பிடித்திருந்திருக்கிறேன், உள்ளங்கையில் கீல்.

மார்ச் 10

நானாவிடம் கேட்டேன், கப்பல் தெற்கேதான் போகிறது என்று முன்பே தெரியுமா என்று.

"தெரியாம இருக்குமா? இந்தக் காத்து தெக்கே தள்ளுற காத்து. மூணு நாளாவே தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"தொரை பலகையில எழுதுனதுக்கு மேல சாரங்கு வாயத் தொறக்கப்புடாது, தங்கச்சி. பாறை கண்ணுல பட்டா கத்துவோம். அதுதான் எங்க வேல. கத்துனமா இல்லையா?"

கத்தினார்கள்.  நெய்ச்சோற்றைப் பற்றி நான் கேட்கவில்லை.

மார்ச் 12

லம்லிக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். கேப்டன் உத்தரவு. மேசையில் ஆரஞ்சுப் பழத்தைச் சூரியனாக வைத்து, கூட்டுவது எப்போது, கழிப்பது எப்போது என்று காட்டினேன். பத்துக்கு நான்கு சரி. மூடுபனி வரும்போது சொல்லுங்கள், நிறுத்துகிறேன் என்றேன். இன்று வரவில்லை என்றார். ஆரஞ்சை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 13

பத்துக்கு ஏழு.

மார்ச் 15

மொரீசு. காலை எட்டு மணிக்கு, சிலேட்டில் எழுதியிருந்த இடத்திலேயே மலை தெரிந்தது. கேப்டன் பின்தளத்தில் நின்றார். எல்லோரும் மலையைப் பார்த்தோம். அவர் எங்கள் பக்கம் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் கொண்டுவந்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 16

கப்பல் முதலாளிகளின் ஏஜெண்ட் வந்தார். சிரித்த முகம். கேப்டன் அவரை உட்காரவைத்து நேராகச் சொல்லிவிட்டார்: எனக்குக் கண் தெரியாது, இந்தப் பயணத்தில் கணக்குப் போட்டது இந்தப் பெண், ஒருமுறை கப்பலை நாகப்பட்டினத்துக்கே திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஏஜெண்ட் சிரித்தார். லம்லி எழுந்து, அது உண்மை, எனக்கும் கணக்குத் தெரியாது என்றார். ஏஜெண்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். துரைசானி, நான் ஆறு மாதமாக அவருடைய பிஸ்கட்டில் வண்டு தட்டுகிறேன் என்றார். அதற்குமேல் ஏஜெண்டால் தாங்கமுடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்துபோய்விட்டார். இவ்வளவு உற்சாகமான கேப்டனைத் தான் பார்த்ததேயில்லை, அடுத்த மாதம் இதே கப்பலில் லண்டனுக்குப் புறப்படலாம் என்று படியில் இறங்கும்போது சொன்னார்.

கேப்டன் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பறிபோகும் என்று பயந்த உத்தியோகம் கொடுத்தாலும் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. லண்டன் போகலாம். லம்லி வாய் திறக்கமாட்டார், நான் கணக்குப் போடுவேன். அதை நான் சொல்லவும் செய்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. லண்டனில் நூலகங்கள் பெரியவை என்று கேள்வி.

கேப்டன் என் பக்கம், ஏறக்குறைய என் பக்கம், திரும்பினார். "அந்த நுரையை நீ பார்த்தாய், சுகிர்தம். நான் பார்க்கவில்லை. பேப்பர் எடு."

மார்ச் 17

ராஜினாமாக் கடிதத்தை நேற்றே அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆறு வரி. கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் விரலைக் கொண்டுபோய் வைக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். முப்பது வருஷமாக என் கையெழுத்தை நானே போட்டுத்தான் பழக்கம் என்றார்.

பேனா கடைசி வரியின் மேலேயே ஆரம்பித்து, கீழே சரிந்து, காகிதத்தின் ஓரத்தைத் தாண்டி மேசைத்துணியில் ஓடி மைக்கூட்டுக்குப் பக்கத்தில் முடிந்தது. அடியில் ஒரு கோடும் இழுத்தார். அந்தக் கோடு முழுக்கத் துணியில்தான்.  வேறொரு பிரதி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எங்கே போட்டேன்?" என்றார்.

சொன்னேன்.

"அப்படியே அனுப்பு."

மார்ச் 18

ஏஜெண்ட் மறுபடி வந்தார். இன்று சிரிப்பில்லை. கையில் கடிதம். அதில் பெயரின் முதல் மூன்றெழுத்துத்தான் இருந்தது. மீதி எங்கே என்று மெதுவாகக் கேட்டார். துரைசானி உள்ளே போய் மேசைத்துணியைக் கொண்டுவந்து விரித்தார். ஏஜெண்ட் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒட்டியது.

அப்படியானால் கணக்குப் போட்டது யார் என்றார். கேப்டன், துரைசானி, லம்லி மூன்று பேரும் என்னைக் காட்டினார்கள். கேப்டனின் விரல் மட்டும் என்னைத் தாண்டிச் சுவரைக் காட்டியது. ஏஜெண்ட் தொப்பியைக் கழற்றினார். யாருக்கு என்று தெரியவில்லை. நாங்கள் நால்வருமே தலையசைத்தோம்.

வைத்தியர் திங்கட்கிழமை வரச்சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன், வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமே.

மேசைத்துணி என் பெட்டியில் இருக்கிறது. துவைக்கப் போடவேண்டும்.